தோற்றவர் பாத்திரம் கழுவணும்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது. வாக்குவாதம் என்று வந்துவிட்டால் பசி, தூக்கம் எதுவும் எனக்குத் தெரியாது. எதிராளி "சரி தாயே, நீ சொல்றதுதான் சரி" என்று கையெடுத்துக் கும்பிடுகிறவரை விடமாட்டேன். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: ஒரு மனிதன் தன் கொள்கைக்காக அடுத்தவன் இடத்துக்கு ஏன் தீ வைக்கிறான் என்று கண்டுபிடிப்பது.

கண்டுபிடிப்பது என்றால் பெரிய ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது மாடியில் ஓர் அலுவலகம். லிஃப்ட் ஏறும், இறங்காது, இறங்கும்போது படிதான். கொள்கையின் பெயரால் யாரையாவது காயப்படுத்திவிட்டுச் சிறையில் இருப்பவர்களைச் சிலர் போய்ப் பேட்டி எடுப்பார்கள். அந்தப் பேட்டி, பெயர், ஊர் எல்லாம் கறுப்பு மையால் அடிக்கப்பட்டு, ஓர் எண்ணோடு எங்களிடம் வரும். நாங்கள் வாசிப்பாளர்கள். வாசித்துவிட்டு ஒரு படிவத்தில் 'முதற்காரணம்' என்ற தலைப்பின் கீழ் நான்கு கட்டங்களில் ஒன்றில் மட்டும் குறி போட வேண்டும். ஒன்று, மதம். இரண்டு, நாத்திகம். மூன்று, அரசியல் கொள்கை. நான்கு, பிற.

சும்மா குறி இல்லை அது. ஒன்று விழுந்தால் அவனுக்கு மதம் படித்த ஒருவர் வகுப்பு எடுப்பார். இரண்டு விழுந்தால் ஒரு தத்துவப் பேராசிரியர். மூன்று விழுந்தால் ஓய்வு பெற்ற ஒரு வரலாற்று ஆசிரியை. எட்டு மாத வகுப்பை ஒழுங்காக முடித்தவனின் பெயர் விடுதலைப் பரிசீலனைக்குப் போகும். நான்கு விழுந்தவனுக்கு வகுப்பு இல்லை, ஏனென்றால் 'பிற'வுக்கு ஆசிரியர் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கிறவரை உள்ளேயே இருக்க வேண்டியதுதான். அதனால் நான்கைத் தொடாதீர்கள் என்று டைரக்டர் அம்மா அடிக்கடி சொல்வார்.

ஒவ்வொரு கோப்பையும் இரண்டு பேர் தனித்தனியாக வாசிப்போம். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியக் கூடாது. வெள்ளிக்கிழமை இரண்டு உறைகளையும் சேர்த்துப் பிரிப்பார்கள். குறி ஒன்றாக இருந்தால் சரி. வேறுபட்டால், அந்த இரண்டு பேரும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். அதற்குப் பெயர் பஞ்சாயத்து மேசை. யார் இறங்கி வருகிறாரோ அவர் ஒரு மஞ்சள் சீட்டில் 'மாற்றிக்கொண்டவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

என் ஜோடி, தராசு. நல்ல மனிதர், ஐம்பத்தைந்து வயது, ஒரு வார்த்தையை நான்கு தடவை நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார், அதனால் அந்தப் பெயர். கடவுள் நம்பிக்கை உண்டு, வாரம் தவறாமல் கும்பிடப் போவார். எனக்கு அந்தப் பக்கமே ஆகாது. இப்படி ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பேர் உட்கார்ந்து ஆறு வருடத்தில் நாற்பத்து மூன்று மஞ்சள் சீட்டு எழுதியிருக்கிறோம். நாற்பத்து மூன்றிலும் கையெழுத்து தராசுடையது. அலுவலகத்திலேயே அதிகம் ஒத்துப்போகிற ஜோடி என்று எங்கள் இருவரையும் டைரக்டர் அம்மா எல்லோர் முன்னாலும் மெச்சியிருக்கிறார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அப்படி இருக்கும்போதுதான் 217 வந்தது.

திங்கட்கிழமை காலை. டீயைக் குடித்துக்கொண்டே புரட்டினேன். முதல் பக்கத்தில் வீட்டைப் பற்றி வழக்கமான கேள்விகள். அப்பா இல்லை, அம்மா வேலைக்குப் போகிறவர், ஓர் அக்கா. ஆயிரம் வீடுகள் இப்படி இருக்கும். இரண்டாம் பக்கத்தில் பேட்டி எடுத்தவர் கேட்டிருந்தார்: "வீட்டில் சண்டை வருமா?" அதற்கு அவன் சொன்ன பதில் இது:

"சண்டை வராது. வாக்குவாதம் வரும். நானும் அக்காவும் எதுக்கெடுத்தாலும் மல்லுக்கட்டுவோம். அம்மாவுக்கு வேலை விட்டு வந்து அதக் கேக்க முடியல. அதனால ஒரு சட்டம் போட்டாங்க. ரெண்டு பேரும் பேசுங்க, நான் தீர்ப்பு சொல்றேன், தோத்தவங்க பாத்திரம் கழுவணும்னு. ஏழு வருஷம் நான்தான் கழுவினேன்."

டீயைக் கீழே வைத்தேன். அந்தச் சட்டம் எங்கள் வீட்டுச் சட்டம். அந்த அக்கா நான்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. கோப்பில் இருப்பவர் தெரிந்தவர் என்று தோன்றிய நிமிடமே மூடிவைத்து, டைரக்டரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேலே ஒரு வரி படிக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று அதில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கோப்பை மூடினேன். எழுந்தேன். இரண்டு அடி நடந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி திறந்தேன்.

ஏன் என்றால், எனக்குத் தெரிய வேண்டும். என் தம்பி சிறைக்குப் போய் ஐந்து வருடம். கடைசியாக நான் அவனைப் பார்த்து நான்கு வருடம். அன்றைக்குப் பார்வையாளர் கூடத்தில் அரை மணி நேரமும் அவனோடு வாதாடினேன். நீ செய்தது தப்பு என்று நூறு விதமாக நிரூபித்தேன். அவன் வாயே திறக்கவில்லை. "தப்புன்னு ஒத்துக்கிட்டு ஒரு வரி எழுதிப் போடு, அப்ப வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். கடிதம் வரவில்லை. நானும் போகவில்லை. அம்மா மட்டும் மாதத்தின் முதல் சனிக்கிழமை டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு போவார். திரும்பி வந்தால் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்க நாக்கு துடிக்கும், ஆனால் கேட்க மாட்டேன். அவன் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் நான் பிடித்த முயலுக்கு அதுவும் இல்லை.

ஆகவே வாசித்தேன். கள்ளத்தனமாக, கதவுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

பதினாறு வயதில் அவன் ஒரு பிரார்த்தனைக் கூடத்தில் சேர்ந்தது எனக்குத் தெரியும். அந்தக் கூடத்துக்காரர்கள்தான் என் தம்பியைக் கெடுத்தார்கள் என்பது என் பல வருடத் தீர்மானம். ஏன் சேர்ந்தாய் என்று கேட்டதற்கு அவன், கடவுள், சொர்க்கம் என்றெல்லாம் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்னது: "அங்க சாப்பிட்டதும் அவங்கவங்க தட்ட அவங்கவங்க கழுவினாங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது."

சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அழுகை வந்தது. பக்கத்து மேசைக்காரி பார்த்ததும் தூசி என்று சொல்லிக் கண்ணைக் கசக்கினேன்.

ஒரு வருடம் கழித்து, கூடத்துப் பெரியவரிடம் அவனுக்கு ஒரு சந்தேகம். கேட்டான். முதல் தடவை அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். இரண்டாம் தடவை எல்லோர் முன்னாலும், "உனக்கு நம்பிக்கை குறைஞ்சுபோச்சு" என்றார். அன்று சாயங்காலமே இவன் போய், பாட்டே பாவம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததற்காக, ஓர் இசைக்கருவிக் கடையின் கண்ணாடியை உடைத்தான். பேட்டியில் சொல்கிறான்: "அங்க எல்லாரும் பாவம்னு பேசினாங்க, யாரும் கல் எடுக்கல. சந்தேகம் வந்தவன் நான்தான். அதான் நான் எடுத்தேன்."

பத்தொன்பது வயதில் நாத்திகர் வட்டம். அங்கே யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்றதும் பறந்து போயிருக்கிறான். இரண்டு வருடம் சந்தோஷமாக இருந்தான். பிறகு அம்மாவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இவன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்ததை வட்டத்தில் ஒருவன் பார்த்துவிட்டான். அடுத்த கூட்டத்தில் கேலி. "பழைய வாசனை போகல" என்று சிரித்தார்கள். அந்த வாரம் இவன் தன் பழைய பிரார்த்தனைக் கூடத்துக்கே போய்ப் புத்தகங்களைக் கிழித்துப் போட்டான். கேலி செய்தவர்கள்கூட, "நாங்க அத செய்யச் சொல்லலயே" என்று விலகிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கட்சி. கடவுளும் இல்லை, கேலியும் இல்லை, வேலைதான் இருக்கிறது என்றார்கள். அங்கேயும் இரண்டு வருடம். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

நகராட்சிப் பதிவேட்டு அறைக்குத் தீ வைக்கப் போனவர்கள் கட்சியில் நான்கு பேர். விடுமுறை நாள், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள் என்று திட்டம். படியேறும்போது உள்ளே ஒரு ரேடியோ பாடுவது இவன் காதில் விழுந்தது. "ரேடியோ சத்தம் கேக்குது" என்று சொன்னான். "பயமா இருந்தா இறங்கிப் போ" என்றான் ஒருவன். பேட்டியின் அந்த இடத்தை வரிக்கு வரி எனக்கு இப்போதும் ஒப்பிக்க முடியும்.

"இறங்கிப் போயிருக்கலாம். அஞ்சு படிதான் ஏறியிருந்தோம். ஆனா இறங்கினா நான் தோத்தவன். ரேடியோவ யாராவது அணைக்க மறந்துட்டுப் போயிருப்பாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தீக்குச்சிய நான்தான் கிழிச்சேன். வேற யாரும் கிழிக்கறதுக்கு முன்னாடி."

உள்ளே காவலாளி இருந்தார். கதவைத் திறக்கப் போய் அவருக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று.

கடைசிக் கேள்வி, "நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" அவன் கேட்டிருந்தான்: "அந்த ஆளோட கை இப்ப எப்படி இருக்கு?" பேட்டி எடுத்தவரின் பதில் பதிவாகவில்லை.

நியாயமாக நான் அந்தப் படிவத்தின் முன்னால் திகைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. ஒன்று, மதம் என்று டிக் அடித்து உறையில் போட்டு ஒட்டினேன். அந்தக் கூடத்தின் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் அப்படி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நான்கு போட்டால் தம்பி உள்ளேயே கிடப்பான். ஒன்றோ இரண்டோ மூன்றோ, ஏதாவது விழுந்தால் அடுத்த வருடம் வீட்டுக்கு வருவான். கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனால் அவன் வர வேண்டும் என்று எனக்கு உயிர் துடித்தது.

வெள்ளிக்கிழமை உறைகளைப் பிரித்தார்கள். நான் ஒன்று. தராசு இரண்டு. பஞ்சாயத்து மேசை.

"அதெப்படி சார் ரெண்டு?" என்று ஆரம்பித்தேன். "விதை போட்டது பிரார்த்தனைக் கூடம். முதல் கல் எடுத்தது அங்கதான்."

தராசு கண்ணாடியைத் துடைத்தார். "கடவுள் இருந்தவரைக்கும் அவன் உடைச்சது வெறும் கண்ணாடிம்மா. கடவுள விட்டதுக்கு அப்புறம்தான் கை நீண்டுச்சு."

"நாத்திகனா இருந்தப்ப காகிதத்தத்தானே கிழிச்சான்? மனுஷன் மேல கை போனது கட்சிக்குப் போனதும்."

"அப்ப மூணு போட்டிருக்கணும் நீங்க. ஏன் ஒண்ணு போட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க மட்டும்? கடவுள் பேருக்குக் களங்கம் வரக் கூடாதுன்னு ரெண்டு போட்டீங்க!"

"இருக்கலாம்" என்றார் அவர், நிதானமாக. "நீங்களும் கடவுள் மேல பழி போடணும்னு ஒண்ணு போட்டிருக்கலாம். ரெண்டு பேரும் அவங்கவங்களுக்குப் பிடிக்காத வீட்டுக் கதவத் தட்டிப் பாத்திருக்கோம். பையன் எந்த வீட்ல இருந்தான்னு பாக்கல."

ஆனால் வாய் சும்மா இருக்குமா? கல், காகிதம், தீக்குச்சி என்று விரல் விட்டு எண்ணி, பதினைந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினேன். நான் பேசியதில் பாதி எனக்கே நம்பிக்கை இல்லை. இல்லாததால்தான் குரல் ஏறிக்கொண்டே போனது என்பது பிறகு யோசித்தபோது புரிந்தது. தராசு ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மஞ்சள் சீட்டுக் கட்டை இழுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

'மாற்றிக்கொண்டவர்'.

"சார், இருங்க" என்றேன். "நான் சொன்னது உங்களுக்குச் சரின்னு பட்டுதா?"

"பேருந்துக்கு நேரமாச்சும்மா."

"அதக் கேக்கல. சரின்னு பட்டுதா இல்லயா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த மனிதர் வாய் தவறிக்கூடப் பொய் சொல்ல மாட்டார். "இல்ல" என்றார்.

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போடறீங்க?"

"உங்ககூடப் பேசி ஜெயிக்கறதவிட இது சுலபம்."

"இதுக்கு முன்னாடி போட்டது? நாப்பத்து மூணும்?"

நான்கு தடவை நிறுத்துப் பார்த்தார். "ஒரு பத்துப் பன்னெண்டு நெஜமாவே நீங்க சொன்னது சரிம்மா. மிச்சம்…" கையை விரித்தார்.

மிச்சம் முப்பது பேர். முப்பது பேருக்கு நான் சத்தம் போட்டு வகுப்பு ஒதுக்கியிருக்கிறேன். அரசியலால் போனவனுக்கு மதம் போதித்திருக்கலாம், மதத்தால் போனவனுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்திருக்கலாம். அதிகம் ஒத்துப்போகிற ஜோடியாம்! ஏழு வருடம் என் தம்பி, ஆறு வருடம் இந்த மனிதர். எங்கே போனாலும் எனக்குப் பாத்திரம் கழுவ ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சார், 217 என் தம்பி" என்றேன்.

தராசு பேனா மூடியை மெதுவாக மாட்டினார். "ரெண்டாவது பக்கத்துல நெனச்சேன்" என்றார்.

"எப்படி?"

"அந்த அக்கா பேசற விதத்தப் பத்தி அதுல வருது. அந்தக் குரல ஆறு வருஷமா கேக்கறேனே."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு பேரும் எழுந்து டைரக்டர் அம்மாவின் அறைக்குப் போனோம். சுவரில் ஜோடிகளின் ஒத்துப்போகும் சதவீதம் வரைபடமாக மாட்டியிருந்தது, எங்கள் கோடு எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. தம்பி விஷயத்தைச் சொன்னேன். விதி தெரிந்தும் படித்ததைச் சொன்னேன். பிறகு மஞ்சள் சீட்டு விஷயத்தையும் சொன்னேன். முதல் இரண்டுக்கும் பேசாமல் இருந்த டைரக்டர் அம்மா மூன்றாவதற்குத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒத்துப்போனாத்தான் சரியா இருக்கும்னு நெனச்சுட்டேனே" என்றார். என்னைத் திட்டுவதா, தன்னைத் திட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

217 வேறு ஜோடிக்குப் போனது. எங்கள் நாற்பத்து மூன்று கோப்புகளும் மறுவாசிப்புக்குப் போயின. வாசிக்கிற வேலையிலிருந்து என்னை எடுத்து, அலமாரிகளிலிருந்து அந்தக் கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுக்கிற வேலையில் போட்டார்கள். வேலையை விட்டுத் தூக்காததே பெரிது. தராசுக்கு எச்சரிக்கைக் கடிதம். அதை என்னிடம் காட்டி, "இதுலயும் கையெழுத்துப் போடச் சொல்றாங்க" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தார்.

"தீர்ப்பு சொன்னது நான். அத மறந்துடாத" என்றார். "நீ நல்லா பேசுவ. எனக்கோ அசதி. யாரு சரின்னு எங்க பாத்தேன்? யாரு சீக்கிரம் பேச்ச முடிச்சு வெச்சாங்கன்னு பாத்தேன்."

"ஏம்மா ஒரு நாள்கூட சொல்லல?"

"நீ ஒரு நாள்கூடக் கேக்கலயே." பிறகு, "அடுத்த மாசம் மொத சனிக்கிழமை அவனப் பாக்க ரெண்டு பேருக்குச் சீட்டு எழுதட்டுமா?" என்று கேட்டார்.

எழுதச் சொன்னேன்.

போவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. கோப்பில் இன்னொரு விஷயமும் படித்திருந்தேன். அவனுக்குப் பதினொன்று, எனக்குப் பதினைந்து. எங்கள் தெருக்கோடியில் ஓர் உயரமான தண்ணீர்த் தொட்டி, அதைச் சுற்றி ஏறும் படிகள். எத்தனை படி என்று ஒரு நாள் வாக்குவாதம். நான் அறுபத்து நான்கு என்றேன், அவன் அறுபத்தொன்று என்றான். பேசிப் பேசியே ஜெயித்தேன். அவன் கழுவினான். பேட்டியில் சொல்லியிருந்தான்: "மறுநாள் நான் தனியாப் போய் மூணு தடவை எண்ணினேன். அறுபத்தொண்ணுதான். யாருகிட்டயும் சொல்லல. அக்கா நெஜமாவே அறுபத்து நாலுன்னு நம்பினா. நம்பறவங்ககிட்ட என்ன சொல்லி ஜெயிக்க முடியும்?" அதுவும் மனதில் கிடந்தது. ஆனால் முதலில் காவலாளி. நகராட்சியில் விசாரித்து, இரண்டு பேரைப் பிடித்து, அவர் வீட்டுக்கே போனேன். யார் என்று சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை, விரட்டவும் இல்லை. கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

அந்தச் சனிக்கிழமை, பார்வையாளர் கூடம். நீளமான மேசை, பெஞ்சு, வெளியே முற்றத்து மூலையில் ஒரு குழாய். தம்பி வந்து உட்கார்ந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. அம்மா டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

"என்னக்கா, வழி தெரிஞ்சுதா?" என்றான்.

நான் எழுதிப் பழகி வைத்திருந்த பேச்சு மொத்தமும் மறந்துபோயிற்று. "காவலாளியப் பாத்தேன்" என்றேன். "வலது கை சரியாயிடுச்சு. இடது கையில ரெண்டு விரல் மடங்கல. நீ கேட்டன்னு சொன்னேன்."

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "நான் கேட்டது உனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன், ஒன்றுவிடாமல். அவன் மேசையையே பார்த்துக் கேட்டான்.

"அப்ப ரேடியோவும் படிச்ச."

"படிச்சேன்."

"நீ எந்த நம்பர் போட்ட?"

"ஒண்ணு."

சிரித்துவிட்டான். "நீ அதத்தான் போடுவ." கொஞ்சம் சாப்பிட்டான். "கடைசியில மூணு போட்டிருக்காங்க. போன வாரம் வகுப்பு ஆரம்பிச்சாச்சு. டீச்சர் நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க. மூணு சரியாக்கா?"

"தெரியல."

நிமிர்ந்து பார்த்தான். "என்ன சொன்ன?"

"தெரியலன்னு சொன்னேன்."

"அம்மா, கேட்டீங்களா?" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னான். பிறகு அவன் தனக்குத்தானே சொல்வது போல, "எனக்கும் தெரியல. மூணு எடத்துலயும் என்னவிட நம்பிக்கையா இருந்தவங்க இருந்தாங்க. அவங்க யாரும் தீக்குச்சி எடுக்கல. அதான் புரியல" என்றான்.

சாப்பிட்டு முடித்தான். டப்பா காலி. காவலர் மணியைப் பார்த்து, "பத்து நிமிஷம்" என்றார். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது.

"தண்ணித் தொட்டி படி அறுபத்தொண்ணுதான்" என்றேன்.

"எனக்குத் தெரியுமே. எண்ணினேன். அதையும்தானே படிச்சிருப்ப."

"படிச்சுத் தெரிஞ்சுக்கல. எனக்கு அப்பவே தெரியும். மறுநாள் நீ போறதுக்கு முன்னாடி, காலையிலயே போய் நான் எண்ணிட்டேன்."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. இத்தனை வருடம் அக்கா ஒரு பைத்தியக்காரி, உண்மையிலேயே நம்பிவிட்டாள் என்று நினைத்து மன்னித்துவைத்திருந்தான் போலிருக்கிறது. என்னையே பார்த்தான்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நான் தோத்தவ. பாத்திரம் கழுவணும்."

காவலர் ஒரு தடவை இருமினார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டு அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நான் காத்திருந்ததில்லை.

"அந்த ரேடியோவுல பாட்டு முடிஞ்சு ஒரு ஆள் சிரிச்சான்க்கா" என்றான் கடைசியில். "அத நான் பேட்டியில சொல்லல. ரேடியோ ஆளா, உள்ள இருந்த ஆளான்னு தெரியாதுன்னு இத்தன நாள் சொல்லிக்கிட்டேன். தெரியும். உள்ள இருந்த ஆள்தான்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் கையை உருவிக்கொண்டான். காலி டப்பாவையும் மூடியையும் கரண்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேசையில் என் பக்கமாகத் தள்ளினான்.

"போய்க் கழுவிட்டு வா" என்றான்.

எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தண்ணீர் நூலாகத்தான் வந்தது. மூடியின் விளிம்பு வரை தேய்த்துக் கழுவினேன். திரும்பிப் பார்த்தால், ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் நின்று, நான் ஒழுங்காகக் கழுவுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.